விபத்து குறைந்ததை யார் சொல்வது?

தேசிய நெடுஞ்சாலையில் சுமார் 500 மீட்டர் நீளத்துக்குள், மூன்று ஆண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ நேர்ந்த 5 விபத்துகள் நடந்திருந்தால், அல்லது 10 பேர் இறந்திருந்தால், அந்த இடம் ‘பிளாக் ஸ்பாட்’. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வரையறை இது. காவல் துறை பட்டியல் தரும். நெடுஞ்சாலைத் துறை வந்து பேரிகார்டு வைக்கும், ஒளிரும் பலகை நடும், வேகத்தடை போடும். அடுத்த ஆண்டு அங்கே விபத்து குறையும். மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் அது சாதனையாகப் பதிவாகும்.

குறைந்தது உண்மைதான். ஆனால், பேரிகார்டு வைத்ததால்தான் குறைந்ததா? இந்தக் கேள்வியை விடாமல் கேட்பதையே தன் வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டவர் எஸ்ரா ஹாவர். கனடாவின் டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல் பேராசிரியராக இருந்தவர். சாலைப் பாதுகாப்பை ஒருவர் கல்விப் பணியாக எடுத்துக்கொள்வதால் சமூகத்துக்கு என்ன லாபம் என்று யாராவது கேட்டால், அவருடைய பணியைத்தான் முதலில் எடுத்துக்காட்ட வேண்டும்.

அவர் பேசிய கணக்கு எளிமையானது. ஒரே மாதிரியான 100 சாலைச் சந்திப்புகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்குச் சராசரியாக 2 விபத்துகள். எந்தச் சந்திப்பும் மற்றதைவிட ஆபத்தானது இல்லை. அப்படியிருந்தும், ஓர் ஆண்டில் எல்லா இடத்திலும் சரியாக இரண்டிரண்டு விபத்துகள் நடந்துவிடாது. சிலவற்றில் ஒன்றுகூட இருக்காது. ஏறக்குறைய ஐந்து சந்திப்புகளில் ஐந்தோ அதற்கு மேலோ நடந்திருக்கும். முழுக்க முழுக்கத் தற்செயல். அந்த ஐந்தை மட்டும் பொறுக்கி எடுத்து, எதுவுமே செய்யாமல் விட்டாலும், அடுத்த ஆண்டு அவை தம் பழைய சராசரியை நோக்கி இறங்கிவிடும். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும் நாளில் தாயத்துக் கட்டினால், மறுநாள் பெயர் வாங்குவது தாயத்துதான்.

புள்ளியியலில் இதைச் சராசரிக்குத் திரும்புதல் என்பார்கள். ஒரு சந்திப்பில் பதிவான விபத்து எண்ணிக்கையை மட்டும் நம்பாமல், அதே போன்ற மற்றச் சந்திப்புகளில் எவ்வளவு எதிர்பார்க்கலாம் என்பதையும் சேர்த்து எடைபோட்டால்தான் ஒரு மாற்றத்தின் உண்மையான பலன் தெரியும் என்பதை ஹாவர் முறைப்படுத்தினார். சாலைப் பாதுகாப்பில் முன்–பின் ஒப்பீடுகளைப் பற்றி 1997-இல் அவர் எழுதிய நூல் இந்தத் துறையில் வருகிற ஒவ்வொரு ஆய்வு மாணவரும் படிக்க வேண்டியது. அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்த நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் கையேடு இந்த முறையை ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இதை ஏட்டுச் சுரைக்காய் என்று ஒதுக்கிவிட முடியாது. பலனில்லாத ஒரு மாற்றம் பலனுள்ளதாகப் பெயர் வாங்கிவிட்டால், அடுத்த டெண்டரில் அதே மாற்றம் மாநிலம் முழுக்கப் போகும். மறுபக்கம், உண்மையிலேயே கொல்லும் ஒரு வளைவு தற்செயலாக மூன்று ஆண்டுகள் அமைதியாக இருந்துவிட்டால் பட்டியலில் ஏறவே ஏறாது. பணமும் போகும், உயிரும் போகும். இந்த வித்தியாசத்தைச் சொல்ல ஒருவர் வேண்டும். அந்தச் சாலையைப் போட்டவரோ, பேரிகார்டை வாங்கியவரோ, அங்கே காவலுக்கு நிற்பவரோ அதைச் சொல்ல முடியாது. பதில் எப்படி வந்தாலும் தன் சம்பளம் பாதிக்கப்படாத ஒருவர்தான் சொல்ல முடியும். பல்கலைக்கழகப் பதவி என்ற ஏற்பாடே அதற்காகத்தானே இருக்கிறது?

ஹாவர் இன்னும் ஆழமாகக் கை வைத்தது சாலை வடிவமைப்பின் தரநிலைகளில். மேட்டில் ஏறி இறங்கும் சாலையின் முகட்டை எவ்வளவு தட்டையாக அமைக்க வேண்டும் என்பதற்கு ஒரு விதி உண்டு. முகட்டுக்கு அந்தப் பக்கம் கிடக்கும் ஒரு பொருளை ஓட்டுநர் பார்த்து, பிரேக் பிடித்து, அதில் மோதாமல் நிற்க வேண்டும். அந்தப் பொருள் எவ்வளவு உயரம்? அமெரிக்காவில் 1940-இல் 4 அங்குலம் என்று வைத்தார்கள். பிறகு 6 அங்குலம் ஆக்கினார்கள். 2001-இல் 2 அடி. முகட்டை எவ்வளவு வெட்ட வேண்டும், அதற்கு எவ்வளவு செலவாகும் என்பது இந்த எண்ணைப் பொறுத்தது. அந்த எண்ணைத் தேர்ந்தவர்கள், முகட்டில் உண்மையில் என்ன விபத்துகள் நடக்கின்றன என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை. ஹாவர் வரலாற்றைத் தோண்டி இதை எடுத்துக்காட்டினார். தரநிலைப்படி போட்ட சாலை பாதுகாப்பான சாலை என்று பொருள் இல்லை. அதன் பாதுகாப்பு எவ்வளவு என்று யாரும் முன்கூட்டி யோசித்திருக்கவில்லை என்பதே உண்மை என்றார். பொறியாளர்கள் மத்தியில் நின்று ஒரு பொறியாளர் இதைச் சொல்வது சுலபமில்லை.

ஒன்டாரியோவின் 407-ஆம் எண் நெடுஞ்சாலை 1997-இல் திறக்கப்படவிருந்த நேரத்தில், செலவைக் குறைக்கச் செய்த வடிவமைப்பு மாற்றங்கள் ஆபத்தானவையா என்ற சர்ச்சை எழுந்தது. அரசு, மாகாணத்தின் பொறியாளர் அமைப்பிடம் ஆய்வு கேட்டது. அந்தக் குழுவில் ஹாவரும் இருந்தார். ‘தரநிலையை மீறவில்லை’ என்ற பதில் போதாது என்று அப்போது பொதுவெளியில் பேசப்பட்டது. சாலை திறக்கும் முன் அதைக் கேட்க ஓர் அரசு முன்வந்தது, கேட்டதற்குப் பதில் சொல்லத் தகுதியுள்ள ஒரு பேராசிரியர் அங்கே இருந்தார். நம்மிடம் இந்த இரண்டும் ஒன்றுசேரும் தருணங்கள் மிகக் குறைவு.

நம் தரநிலைக்கு வருவோம். இந்தியச் சாலைக் காங்கிரஸ் விதிப்படி, ஓட்டுநர் பார்த்து நிறுத்தத் தேவையான தொலைவைக் கணக்கிட ஓட்டுநரின் கண் உயரம் 1.2 மீட்டர், எதிரே உள்ள பொருளின் உயரம் 0.15 மீட்டர். அதாவது, காரில் அமர்ந்திருப்பவர் சாலையில் கிடக்கும் ஒரு சிறு பொருளைப் பார்க்கிறார். இந்த நாட்டில் 2022-இல் சாலையில் இறந்த 1,68,491 பேரில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவீதம் பேர் நடந்து சென்றவர்கள். சர்வீஸ் ரோடு இல்லாததால் நான்குவழிச் சாலையில் எதிர்த்திசையில் வரும் மொபெட், ஊரை இரண்டாகப் பிளந்த சென்டர் மீடியனை ஏறிக் குதித்துக் கடக்கும் பள்ளிப் பிள்ளை, இவர்கள் யாரும் அந்தக் கணக்கில் இல்லை. அவர்களை மனத்தில் வைத்து விதி எழுத வேண்டுமென்றால், அவர்கள் எப்படி அடிபடுகிறார்கள் என்று நம் ஊரிலேயே ஆய்வு நடக்க வேண்டும். வெளிநாட்டுக் கையேட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது, அது நம் சாலைகளுக்காக எழுதப்பட்டதில்லை.

அந்த ஆய்வுக்கு இங்கே வழிபோட்டவர் தினேஷ் மோகன். மும்பை ஐஐடியில் இயந்திரவியல் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உயிரிப் பொறியியலில் முனைவர் பட்டம் பெற்று, அமெரிக்காவில் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டுத் துறை ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிவிட்டு, டெல்லி ஐஐடிக்கு வந்தார். ஹெல்மெட் பற்றி ஆராய்ந்தார். ஹரியாணா கிராமங்களில் தீவனம் வெட்டும் இயந்திரத்தில் விவசாயக் குடும்பங்களின் விரல்கள் துண்டாவதைப் பற்றியும் ஆராய்ந்தார். அவருக்கு இரண்டும் ஒரே கேள்விதான்: மனிதன் தவறு செய்வான் என்பது தெரிந்த பிறகும், தவறுக்குக் கையும் காலும் உயிரும் விலையாகும்படி ஒன்றை ஏன் வடிவமைக்கிறோம்? உலகச் சுகாதார நிறுவனம் 2004-இல் வெளியிட்ட சாலைக் காயத் தடுப்பு பற்றிய உலக அறிக்கையின் தொகுப்பாசிரியர்களில் அவரும் ஒருவர். 2021 மே மாதம் கொரோனா அவரைக் கொண்டுபோனது.

அவரோடு நீண்ட காலம் பணியாற்றிய கீதம் திவாரி, கட்டிடக் கலை படித்து, இல்லினாய்ஸில் போக்குவரத்துத் திட்டமிடலில் முனைவர் பட்டம் பெற்று, டெல்லி ஐஐடியின் சிவில் துறையில் பேராசிரியரானவர். இந்தியத் தெருவில் சைக்கிளும் நடப்பவரும் விருந்தாளிகள் இல்லை, உரிமையாளர்கள் என்பதை வரைபடத்திலேயே கொண்டுவர முயன்றவர். டெல்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பேருந்துக்குத் தனித் தடமும், சைக்கிளுக்கும் நடப்பவருக்கும் தனி இடமும் கொண்ட பாதை 2008-இல் திறக்கப்பட்டபோது, அதன் பின்னணியில் இந்த ஐஐடி குழுவின் சிந்தனை இருந்தது. கார்க்காரர்களின் கோபம் முழுவதும் அந்தப் பேராசிரியர்கள் மீது திரும்பியது. 2016-இல் பாதை அகற்றப்பட்டது. வடிவமைப்பில் குறைகள் இருந்திருக்கலாம், அவற்றைத் திருத்தியிருக்கலாம். ஆனால், எண்ணிக்கையில் அதிகமான பேருந்துப் பயணிகளின் நேரத்தை ஒரு நகரம் கணக்கிலேயே சேர்க்கவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இப்படி இரண்டு மூன்று பெயர்களைச் சொல்ல முடிகிறதே தவிர, இருபது முப்பது பெயர்களைச் சொல்ல முடியவில்லை. காரணம், சிவில் துறையில் ஓர் இளம் ஆசிரியருக்குச் சாலைப் பாதுகாப்பு லாபமான பாதை இல்லை. கல்லூரிக்கு வெளி வருமானம் கான்கிரீட் கியூப் டெஸ்டிலும் மண் பரிசோதனையிலும் வருகிறது. பதவி உயர்வுக்கு ஆய்விதழ்க் கட்டுரைகள் எண்ணப்படுகின்றன. ஒரு சந்திப்பை மாற்றும் முன் மூன்று ஆண்டுகள், மாற்றிய பின் மூன்று ஆண்டுகள் என்று கண்காணித்து எழுதும் கட்டுரை ஒன்று வருவதற்குள், கான்கிரீட்டில் சாம்பல் கலந்து பார்த்தவர் பத்துக் கட்டுரை வெளியிட்டுவிடுவார். அவரைக் குறைசொல்லவில்லை. எதை அளக்கிறோமோ அதைத்தான் ஆட்கள் செய்வார்கள்.

அடுத்த தடை தரவு. விபத்து நடந்ததும் எழுதப்படும் முதல் தகவல் அறிக்கை, யார் மீது வழக்கு என்பதைத் தீர்மானிக்க எழுதப்படுவது. வளைவின் ஆரம், விளக்குக் கம்பத்தின் தூரம், சாலையோரப் பள்ளத்தின் ஆழம் ஆகியவற்றை அது கேட்பதில்லை. அதனால்தான் 2022-இன் அரசு அறிக்கையில் 71.2 சதவீத உயிரிழப்புகளுக்கு அதிவேகம் காரணமாகப் பதிவாகியிருக்கிறது. அதிவேகம் கொல்கிறது என்பதில் சந்தேகமே இல்லை. சராசரி வேகம் 1 சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்தின் வாய்ப்பு 4 சதவீதம் கூடும் என்று உலகச் சுகாதார நிறுவனமே சொல்கிறது. ஆனால், ஊருக்குள் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டத் தூண்டும்படி நேராகவும் அகலமாகவும் சாலை போட்டவர் யார் என்ற கேள்வி அந்த 71.2 சதவீதத்தின் அடியில் புதைந்துவிடுகிறது.

தமிழ்நாட்டுக்கு இதில் சொந்தமான இரண்டு பெருமைகள் உண்டு. விபத்து விவரங்களை நடந்த இடத்திலேயே கைபேசியில் பதியும் தேசியத் தளத்தைச் சென்னை ஐஐடிதான் உருவாக்கியது. சாலைப் பாதுகாப்புக்கு உச்ச நீதிமன்றம் 2014-இல் ஒரு குழுவை அமைத்ததும், புதிய சாலைத் திட்டங்களுக்கு வடிவமைப்பு நிலையிலேயே பாதுகாப்புத் தணிக்கை வேண்டும் என்று 2017-இல் உத்தரவிட்டதும், கோவையின் எலும்பு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த வழக்கில். நொறுங்கிய எலும்புகளைப் பார்த்துப் பார்த்துச் சலித்த ஒரு மருத்துவர் நீதிமன்றம் போனார். அந்த வழக்கைத் தொடுத்திருக்க வேண்டியவர்கள் சிவில் பேராசிரியர்கள். 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியைக் கொண்ட மாநிலத்தில், இதை நான் வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.

2022-இல் இம்மாநிலத்தில் 64,105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். இறந்தவர்கள் 17,884 பேர். அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரம் இலவசச் சிகிச்சை தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. அது நல்ல திட்டம், உயிர்களைக் காப்பது. அடிபடுவதற்கு முந்தைய கட்டத்தில் அதே அக்கறை இன்னும் வரவில்லை. வடிவமைப்புத் தரநிலையைப் பின்பற்றாததால் மரணம் நேர்ந்தால் சாலை அமைத்தவருக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. வடிவமைப்புதான் காரணம் என்று நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் தகுதியுள்ள வல்லுநர்கள் இல்லாவிட்டால் அந்தப் பிரிவு காகிதத்தில்தான் இருக்கும். பாதுகாப்புத் தணிக்கை செய்பவரையும் பெரும்பாலும் சாலை போடும் அமைப்பே நியமித்து, அதுவே பணமும் தருகிறது. அவரிடம் எவ்வளவு கண்டிப்பை எதிர்பார்ப்பது?

எனவே அண்ணா பல்கலைக்கழகத்தையும் உயர்கல்வித் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்: சிவில் பட்டப் படிப்பில் சாலைப் பாதுகாப்பைக் கட்டாயப் பாடமாக்குங்கள், விருப்பப் பாடமாக ஓரத்தில் வைக்காதீர்கள். மாவட்டத்துக்கு ஓர் அரசுப் பொறியியல் கல்லூரியிலாவது இதற்கென ஓர் ஆசிரியர் பணியிடம் உருவாக்கி, அவரை மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவில் வாக்குரிமையுள்ள உறுப்பினராக்குங்கள். காவல் துறையும் நெடுஞ்சாலைத் துறையும், இறந்தவர் பெயரையும் வாகன எண்ணையும் நீக்கிவிட்டு, எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்த வகை விபத்து நடந்தது, அங்கே எப்போது என்ன மாற்றம் செய்யப்பட்டது என்ற விவரத்தை ஆய்வாளர்கள் எடுத்துப் படிக்கும்படி ஆண்டுதோறும் வெளியிடட்டும். இந்தக் கடைசி வேலைக்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ தேவையில்லை. விபத்து விவரம் ஏற்கெனவே கணினியில் இருக்கிறது. ஓர் அரசாணை போதும்.