ஆறாவது அத்தியாயம் மொக்கை, அண்ணா!

போன மாசம் காலேஜ் பஸ்ல எனக்கு ஒரு பல்பு கிடைச்சது. சாதாரண பல்பு இல்லீங்க, ஆயிரம் வாட்ஸ்!

மேட்டர் இதுதான். மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற நான், லாங் சைஸ் நோட்டுல ரகசியமா ஒரு மாயாஜாலக் கதை எழுதிக்கிட்டு இருக்கேன். வீராணம் ஏரிக்கு அடியில ஒரு ராஜ்யம், மீன் மேல சவாரி பண்ற வீரர்கள், மதகைத் திறந்தா வேற உலகம்... சேத்தியாத்தோப்புக்காரன் வேற எதை எழுதுவான்? ஒவ்வொரு அத்தியாயமும் முடிஞ்சதும் நோட்டு பஸ்ல சுத்தும். அஞ்சு வரைக்கும் ‘செம மச்சி’தான். ஆறாவது முடிஞ்சதும் ஒரு ஜூனியர் பொண்ணு நோட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு சொன்னா: “அண்ணா, உங்க கதைல மொத்தமே ரெண்டு பொண்ணுங்க. ஒருத்தி அழறா. இன்னொருத்தி தண்ணி கொண்டு வர்றா. ஆறாவது அத்தியாயத்துலயும் அதேதான். மொக்கை!”

பஸ்ஸே சிரிச்சுது. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து நோட்டைப் பரண்ல போட்டுட்டேன். மூணு வாரம் பேனாவைத் தொடலை. ‘அவளுக்குக் கதை புரியலை’ன்னு எனக்கு நானே சமாதானம் வேற.

அப்பதான் ஒரு கேள்வி குடைய ஆரம்பிச்சுது. படிக்கிறவங்க திட்டறதைக் கேட்டா, எழுதறவன் உருப்படுவானா, உருப்படாம போவானா?

பதில் எங்க ஏரிக்கரையிலயே இருந்துச்சு. ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பிக்கிறதே வீராணம் கரையிலதானே? ஆடிப் பதினெட்டு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரையில வர்ற இடம் எங்க ஏரியாங்க! (இந்த ஒரு விஷயத்துக்காகவே நாங்க கொஞ்சம் அலட்டிப்போம், கண்டுக்காதீங்க.) 1950-ல ‘கல்கி’ இதழில் தொடங்கிய தொடர், 1954 வரைக்கும் வாராவாரம் வந்தது. மூன்றரை வருஷம்! யோசிச்சுப் பாருங்க, தொடர் ஆரம்பிச்சப்போ நம்ம வயசுல காலேஜ் சேர்ந்தவன், முடியறப்போ டிகிரியே வாங்கியிருப்பான்.

இவ்வளவு நாள் காத்திருந்து படிச்சவங்க, முடிவைப் பார்த்ததும் சும்மா இருப்பாங்களா? இவங்க என்ன ஆனாங்க, அவங்க என்ன ஆனாங்க, இப்படிப் பாதியில விட்டுட்டீங்களேன்னு கேள்வி மேல கேள்வி. கல்கி என்ன பண்ணினார் தெரியுமா? முடிவை மாத்தலை. அதுக்காக வாயை மூடிக்கிட்டும் இல்லை. தனியா ஒரு முடிவுரை எழுதினார். சரித்திரக் கதைக்கும் சமூகக் கதைக்கும் முடிவு ஏன் ஒரே மாதிரி இருக்க முடியாதுன்னு விளக்கிட்டு, பாத்திரங்களுக்குப் பிறகு என்ன ஆச்சுன்னும் சொன்னார். இன்னிக்கும் அஞ்சாம் பாகத்தோட கடைசியில அது இருக்கு. நம்மில் பாதிப் பேர் கதை முடிஞ்சதும் புத்தகத்தை மூடிடறதால அதைப் படிக்கிறதே இல்லை!

ஆனா ஒரு முடிச்சை மட்டும் அவர் அவிழ்க்கவே இல்லை. ஆதித்த கரிகாலனைக் குத்தினது யாருங்கிற முடிச்சு. இத்தனைக்கும், எங்க பக்கத்து ஊரான காட்டுமன்னார்கோயில் உடையார்குடி கோயிலில் இருக்கிற சோழர் காலக் கல்வெட்டு, ரவிதாசனையும் அவன் சகோதரர்களையும் பேர் சொல்லித் துரோகிகள் என்கிறது. அப்படியும் கல்கி கதையில மர்மத்தை மர்மமாவே வச்சிட்டார். வாசகர் கேட்கிற எல்லாத்தையும் கொடுத்திருந்தா, நாம இன்னிக்கு வரைக்கும் டீக்கடையில சண்டை போட்டுக்கிட்டு இருப்போமா என்ன?

அந்த விமர்சனங்களால அவரோட அடுத்த சரித்திரக் கதை மாறியிருக்குமா? பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கலை. தொடர் முடிஞ்ச அதே 1954 டிசம்பர் 5-ல் அவர் காலமாகிட்டார். விட்ட இடத்திலிருந்து விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதினார். ஒருத்தர் விட்ட இடைவெளி, இன்னொருத்தருக்குக் கதை!

எல்லா எதிர்ப்பும் விமர்சனம் ஆகிடாதுங்கிறதையும் இங்கே சொல்லணும். நம்ம இன்ஜினீயரிங் இனத்தோட குலதெய்வம் சுஜாதா, 1857 கிளர்ச்சியை வச்சு ‘கறுப்பு சிவப்பு வெளுப்பு’ன்னு குமுதத்துல ஒரு தொடர் ஆரம்பிச்சார். ஒரு தரப்பு கொதிச்சு எழ, சில வாரங்களிலேயே தொடர் நின்னது. அப்புறம்தான் அது ‘ரத்தம் ஒரே நிறம்’ங்கிற பேர்ல வேற வடிவத்துல வந்தது. பயமுறுத்தினா கதை நிக்கும். எழுத்தாளர் வளர மாட்டார்.

சரி, திட்டு வாங்கி வளர்ந்தவங்க யாருமே இல்லையா? இருக்காங்க. அமெரிக்காவுல உர்சுலா லெ குவின். ஆண், பெண்ங்கிற நிரந்தரப் பிரிவே இல்லாத ஒரு கிரகத்தை வச்சு 1969-ல ஒரு நாவல் எழுதினாங்க. ஆனா அங்க இருக்கிற எல்லாரையும் ‘அவன்’னே குறிப்பிட்டாங்க. ‘அப்போ எல்லாம் ஆம்பளைங்களாத்தானே தெரியுது?’ன்னு கேள்வி வந்தது. 1976-ல ஒரு கட்டுரை எழுதி, தான் செஞ்சது சரிதான்னு வாதாடினாங்க. பதினோரு வருஷம் கழிச்சு, 1987-ல, அதே கட்டுரையை மறுபடி கையில எடுத்தப்போ, பழைய வரிகளை அழிக்கலை. பக்கத்துலயே ‘இங்க நான் தப்பு’ங்கிற ரீதியில குறிப்பு எழுதிச் சேர்த்தாங்க! அவங்களோட ‘எர்த்ஸீ’ மாயாஜால வரிசையிலும் முதல் கதைகள்ல மந்திரவாதின்னா ஆம்பளைதான். 1990-ல வந்த நாலாவது நாவல் ‘தெஹானு’வில், ஒரு நடுத்தர வயசுப் பெண்ணோட கண் வழியா அதே உலகத்தையே திருப்பிப் போட்டாங்க.

பதினோரு வருஷம், ஃப்ரெண்ட்ஸ்! எனக்கு மூணே வாரம்தான்.

ஜே.கே.ரௌலிங் கேஸ் இதைவிட ஈஸி. 2000-ல வந்த நாலாவது ஹாரி பாட்டரில், மந்திரக்கோலிலிருந்து ஹாரியோட அம்மா, அப்பா உருவங்கள் வெளிவர்ற வரிசை தப்பு. பின்னால வந்த பதிப்புகள்ல திருத்தியாச்சு. இது ஸ்பெல்லிங் மிஸ்டேக் மாதிரி, வலிக்காது. ‘உன் கதையில பொண்ணுங்க சும்மா நிக்கிறாங்க’ங்கிறதுதான் வலிக்கும். ஏன்னா, அது கதையில இருக்கிற தப்பு இல்லை. எழுதறவன் பார்வையில இருக்கிற தப்பு.

என் ஃப்ரெண்ட் ஒருத்தனோட அப்பா விருத்தாசலத்துல பீங்கான் வேலை பார்க்கிறவர். அவர்கிட்ட இந்தக் கதையைப் புலம்பினேன். “சூளைக்குப் போகாத வரைக்கும் தண்ணி ஊத்திப் பிசைஞ்சா அது மண்ணுதான் தம்பி. வெந்ததுக்கு அப்புறம்தான் ஒண்ணும் பண்ண முடியாது. உன் நோட்டு வெந்துடுச்சா?”ன்னு கேட்டார்.

பரண்ல ஏறினேன். ஆறாவது அத்தியாயத்தைக் கிழிக்கலை, லெ குவின் மாதிரி ஓரத்துல பென்சில் குறிப்பு மட்டும் போட்டேன். அப்புறம் புதுசா எழுதினேன். இப்போ தண்ணி கொண்டு வர்ற பொண்ணுக்குத்தான் எந்த மதகைத் திறந்தா எந்த உலகம்னு தெரியும். ராஜாவுக்கே தெரியாது. அழற பொண்ணு இன்னும் அழறா. அதை மட்டும் மாத்தலை. அவ அழ ஒரு காரணம் இருக்கு, அது ஒன்பதாவது அத்தியாயத்துல வரும். இந்த விஷயத்துல நான் கல்கி கட்சி!

நோட்டு நேத்து ஜூனியர் கைக்குப் போயாச்சு. இன்னிக்குக் காலையில பஸ்ல ஜன்னலோர சீட்ல உட்கார்ந்து படிச்சுக்கிட்டு இருந்தா. புவனகிரி வரைக்கும் தலையே நிமிரலை. நல்லா இருக்கோ, திட்டறதுக்கு வார்த்தை தேடறாளோ... அடுத்த வாரம் சொல்றேன்!