நிறங்களும் மக்கள் போராட்டங்களும்



சென்ற தவணையில் எனது வகுப்பில் "ஜனநாயகப் போராட்டங்களில் கொடிகளும் நிறங்களும் அவசியமா?" என்றொரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்திருந்தேன். பெரும்பாலானோர் "அவை வெறும் ஆடம்பரம், கொள்கையே முக்கியம்" என்று எழுதி முடித்திருந்தனர். மொழிநடைக்குப் புள்ளி வழங்கினேன். ஆனால் அக்கருத்தை நான் ஏற்கவில்லை. அது ஏன் என்பதையே இங்கு எழுதுகின்றேன்.

உங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். மைதானத்தின் மறுகோடியில் நிற்பவர் எந்த இல்லத்தைச் சேர்ந்தவர் என்பதை அவரது உடுப்பின் நிறமே சொல்லிவிடும். பெயர் கேட்கத் தேவையில்லை. வீதியில் இறங்கும் மக்களுக்கும் நிறத்தால் கிடைக்கும் முதற்பயன் இதுவே. ஆனால் அதைவிடப் பெரிய வேலையொன்றும் அங்கு அதற்கு உண்டு. உக்ரேன் நாட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

2004 ஆம் ஆண்டு அங்கு ஜனாதிபதித் தேர்தல் நடைபெற்றது. எதிரணி வேட்பாளர் விக்டர் யுஷ்செங்கோவின் பிரசார நிறம் செம்மஞ்சள். அவரை எதிர்த்து நின்ற பிரதமர் விக்டர் யானுகோவிச்சின் பக்கம் நீலமும் வெள்ளையும். நவம்பர் 21 இல் இரண்டாம் சுற்று வாக்களிப்பு. யானுகோவிச்சே முன்னணியில் நிற்கின்றார் எனத் தேர்தல் ஆணைக்குழு அறிவித்தது. பெரும் மோசடி நடந்துள்ளதாகக் கண்காணிப்பாளர்கள் கூறினர். மறுநாளே தலைநகர் கீவின் சுதந்திர சதுக்கம் செம்மஞ்சளாக மாறியது. சால்வை, தொப்பி, ரிபன் என ஏதோவொன்றில் அந்த நிறத்தை அணிந்து, உறைபனிக் குளிரில் கூடாரமடித்து மக்கள் அங்கேயே தங்கினர்.

இங்கு ஒரு விடயத்தை ஆழமாகச் சிந்தியுங்கள். வாக்கு இரகசியமானது. சீட்டைப் பெட்டியில் போட்ட பின்னர் அது எவ்வாறு எண்ணப்பட்டது என்பதைத் தனியொருவரால் நிரூபிக்க முடியாது. "நான் அவருக்குப் போடவில்லையே" என்று வீட்டிலிருந்து சொன்னால் யார் கேட்பார்கள்? எண்ணிக்கையில் நம்பிக்கை அற்றுப்போகும்போது மக்கள் தம்மைத் தாமே எண்ணிக் காட்ட வேண்டியுள்ளது. கழுத்தில் செம்மஞ்சள் துணி கட்டி நின்ற ஒவ்வொருவரும் கண்ணுக்குத் தெரியும் ஒரு வாக்குச் சீட்டாக நின்றார் என்பதே எனது கருத்து. இதை ஆடம்பரம் என்று எப்படிச் சொல்வது?

அந்நாட்களில் நடந்த இன்னொரு சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தமானது. அரச தொலைக்காட்சிச் செய்தியில் சைகை மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றிய நத்தாலியா டிமிட்ரூக் என்ற பெண், சட்டைக் கைக்குள் மறைவாகச் செம்மஞ்சள் ரிபன் ஒன்றைக் கட்டிக்கொண்டு நேரடி ஒளிபரப்புக்குச் சென்றார். செய்தி வாசிப்பவர் உத்தியோகபூர்வ முடிவை வாசிக்க, இவர் கைகளால், அதை நம்ப வேண்டாம், அது பொய் என்று செவிப்புலனற்ற நேயர்களுக்குத் தெரிவித்தார். தொழில் போகக்கூடிய காரியம். அந்த ரிபன் ஊருக்குக் காட்டக் கட்டியதன்று. தனக்குத் தைரியம் வேண்டிக் கட்டியது.

டிசம்பர் 3 இல் உயர் நீதிமன்றம் அவ்வாக்களிப்பின் முடிவை இரத்துச் செய்தது. ரிபனைப் பார்த்து நீதிபதிகள் தீர்ப்பு வழங்கவில்லை, சாட்சியங்களைப் பார்த்தே வழங்கினர். இதை மறந்து "நிறம் வென்றது" என்று எழுதினால் விடை பிழைத்துவிடும். டிசம்பர் 26 இல் நடந்த மறுவாக்களிப்பில் யுஷ்செங்கோ சுமார் 52 வீத வாக்குகளைப் பெற்று வென்றார்.

ஆயினும் மற்றவருக்குக் கிடைத்த 44 வீதத்தைக் கவனித்தீர்களா? அம்மக்களுக்குச் செம்மஞ்சள் சொந்த நிறமன்று. ஒரு வேட்பாளரின் நிறத்தைப் போராட்டத்தின் நிறமாக்கினால், அவர் சறுக்கும்போது நிறமும் வெளுத்துவிடும். வெற்றி பெற்ற தலைவர்கள் தமக்குள் பிணங்கினர். 2010 தேர்தலில் யுஷ்செங்கோவுக்கு 5 வீதமளவே கிடைத்தது, யானுகோவிச் ஜனாதிபதியானார். 2013 இன் இறுதியில் அதே சதுக்கத்தில் மக்கள் மீண்டும் கூடியபோது செம்மஞ்சள் பின்னுக்குப் போய்விட்டது. நீலமும் மஞ்சளுமான தேசியக் கொடியையும் ஐரோப்பிய ஒன்றியக் கொடியையுமே ஏந்தி நின்றனர். எவருக்கும் தனியே சொந்தமில்லாத நிறத்தைத் தெரிந்தெடுத்தமை, என்னைப் பொறுத்தவரை, முன்னையதிலும் புத்திசாலித்தனமானது.

நிறத்தை மட்டும் பார்த்து ஒரு போராட்டத்தை எடைபோடவும் கூடாது. 1986 பெப்ரவரியில் பிலிப்பைன்ஸின் மணிலாவில் கொரசோன் அகினோவின் ஆதரவாளர்கள் அணிந்தது மஞ்சள். அங்கு மக்கள் வீதியில் நின்று தாங்கிகளைத் தடுத்தனர். 2006 இல் தாய்லாந்தில், "ஜனநாயகத்துக்கான மக்கள் கூட்டணி" என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் அணிந்ததும் மஞ்சளே. அது மன்னருக்குரிய நிறம். அவ்வருடம் செப்டெம்பர் 19 இல் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது சிப்பாய்களும் மஞ்சள் ரிபன் கட்டியிருந்தனர். ஒரே நிறம், ஓரிடத்தில் தாங்கிக்கு முன்னால், மற்றோரிடத்தில் தாங்கியின் மேல்!

இனிப் பெலரூஸ் நாட்டுக்கு வருவோம். வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் கொடி 1918 இல் ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1991 முதல் 1995 வரை அரச கொடியாகவும் இருந்தது. 1995 சர்வசன வாக்கெடுப்பின் பின் அது நீக்கப்பட்டு, சோவியத் காலக் கொடியை ஒத்த சிவப்பு-பச்சைக் கொடி வந்தது. 2020 ஓகஸ்ட் 9 தேர்தலின் பின்னர் வீதிக்கு வந்த பெருந்திரளான மக்கள் பழைய கொடியையே ஏந்தினர். அதன் பிறகு அந்நிறங்களை வீட்டுப் பல்கனியில் தொங்கவிட்டவர்கள்கூடக் கைது செய்யப்பட்டனர், அபராதம் செலுத்தினர். வெறும் ஆடம்பரத்துக்கு ஓர் அரசாங்கம் ஏன் இத்தனை பொலிஸாரை அனுப்ப வேண்டும்?

அடுத்த வாரமும் இதே தலைப்பைத்தான் தரப்போகின்றேன். எனது கருத்தை மறுத்து எழுத விரும்புவோர் தாராளமாக எழுதுங்கள், புள்ளி குறைக்க மாட்டேன். ஆனால் அந்தப் பல்கனிக் கொடிக்கு ஒரு பந்தியிலாவது பதில் இருக்க வேண்டும்.