ரொட்டி சானாய், சென்னை ரொட்டியா?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில், தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடைகளில் இந்தக் கதை ஓயாது: மாவை வீசிச் சுடும் ரொட்டி சானாயைக் கொண்டுவந்தவர்கள் தமிழர், அவர்கள் வந்தது சென்னையிலிருந்து, ஆகவே ‘சானாய்’ என்பது ‘சென்னை’யின் திரிபு. கேட்க இனிக்கிறது; நிற்கவில்லை.

முதலில் ஒலி. ‘செ’ என்று தொடங்கும் சொற்களுக்கு மலாயில் பஞ்சமில்லை. சென்னையை அப்படியே சொல்லக்கூடிய நாக்கு அதை ஏன் ‘சா’ ஆக்கவேண்டும்? அடுத்தது ஆட்கள். பினாங்குத் தமிழ் முஸ்லிம்கள் பலரின் வேர் நாகூர், இராமநாதபுரம், கடையநல்லூர்ப் பக்கம். தங்கள் பண்டத்துக்கு அவர்கள் ஏன் சென்னையின் பெயரை வைக்கவேண்டும்? மலாய்க்காரருக்கோ அன்று அந்த நகரம் மெட்ராஸ். அரசு பெயரை மாற்றியதே 1996இல்தான். ‘தமிழர் அதற்கு முன்பே சென்னை என்றுதானே சொன்னார்கள்?’ என்பீர்கள். சொன்னார்கள். ஆனால் அந்தச் சென்னையில் இதற்கு நெருங்கிய பண்டம் பரோட்டா. சிங்கப்பூரில் இதுவே பிராட்டா. ஊர்ப்பெயர் இங்கே மட்டும் எப்படி ஒட்டிக்கொண்டது?

மூன்றாவது, மலாய் அகராதி. அதைப் புரட்டியிருந்தால் இந்த வம்பே இல்லை. ‘சானாய்’ அதிலேயே இருக்கிறது: தீட்டுதல், மாவைத் தேய்த்து மெலிதாக்குதல். ‘பத்து சானாய்’ என்றால் சாணைக்கல். மாவை வீசத்தானே செய்கிறார்கள், தேய்ப்பதில்லையே என்பது அவசர மறுப்பு. வீசுமுன் எண்ணெய் தடவிய மேசையில் உருண்டையை உள்ளங்கையால் அழுத்திப் பரப்புவதை யாரும் பார்க்கலாம். தமிழ்ப் பெருமைதான் வேண்டுமென்றால், நம் ‘சாணை’ ஒலியிலும் பொருளிலும் அந்த மலாய்ச் சொல்லோடு ஒட்டி நிற்கிறதே, அங்கே தோண்டுங்கள்.