மச்சத்தை விட்டால் மட்டும் இருதயம் தப்புமா?

வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களின் கதவு திறந்து சடங்கு நடக்கும் நாட்களில் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பல வீடுகளில் மச்சம் சமைப்பதில்லை. அது பக்தி சார்ந்த ஒழுக்கம். அதற்கு மருத்துவச் சான்று தேவையில்லை. ஆனால் இருதய நோய் என்று தெரிந்ததும் 'இனி மச்சத்தை விட்டால் சரி' என்று முடிவெடுப்பது வேறு விடயம். இலங்கையில் நிகழும் ஐந்து மரணங்களில் நான்கு தொற்றா நோய்களால் நேர்கின்றன. அவற்றில் முன்னிற்பவை இருதய, இரத்தக்குழாய் நோய்கள். இவ்வளவு பெரிய சுமையை மீன் துண்டின் தலையில் மட்டும் கட்டிவிட முடியாது. அந்தத் துண்டைச் சுற்றியிருக்கும் சோறு, தேங்காய்ப்பால், உப்பு, பொரித்த எண்ணெய், சாப்பாட்டுக்குப் பின் வரும் சீனித் தேத்தண்ணி ஆகியவற்றையே முதலில் விசாரிக்க வேண்டும்.

சைவ உணவின் பக்கம் வலுவான சான்று இருக்கிறது. பிரித்தானியாவில் 48,000க்கும் மேற்பட்டோரை 18 ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஒக்ஸ்போர்ட் ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. இறைச்சி உண்பவர்களைவிடச் சைவ உணவுக்காரர்களிடம் இருதய நாடி அடைப்பு நோய் 22 வீதம் குறைவு. இறைச்சியை விட்டு மீனை வைத்துக்கொண்டவர்களிடமும் 13 வீதம் குறைவு. அதேவேளை சைவ உணவுக்காரர்களிடம் பக்கவாதம் 20 வீதம் கூடுதலாகக் காணப்பட்டது. குறிப்பாக மூளையில் இரத்தம் கசியும் வகை. பத்தாண்டுக் கணக்கில் பார்த்தால் ஆயிரம் பேருக்கு இருதய நோயாளர் 10 பேர் குறைவு, பக்கவாத நோயாளர் 3 பேர் கூட. மொத்தத்தில் சைவத்துக்கே இலாபம்தான். ஆயினும் மீனையும் மாட்டிறைச்சியையும் ஒரே கணக்கில் எழுத முடியாது என்பதையும் இதே ஆய்வு காட்டுகிறது. வாவியும் கடலும் சூழ்ந்த மாவட்டத்துக்கு இது சிறிய செய்தி அல்ல.

அடுத்த கேள்வி, எந்தச் சைவம் என்பது. அமெரிக்காவில் இரண்டு லட்சம் சுகாதாரத் துறையினரிடமிருந்து திரட்டிய தரவுகள் 2017இல் இதற்குப் பதில் தந்தன. தவிடு நீக்காத தானியம், மரக்கறி, பழம், பருப்பு, கொட்டை வகைகளை மிகுதியாக உண்டவர்களுக்கு இருதய நாடி நோய் கால்வாசி குறைந்தது. தீட்டிய மா, சீனி, இனிப்புப் பானம் என்று போனவர்களுக்கு அது 32 வீதம் கூடியது. பின்னவையும் மச்சம் கலவாதவைதானே! வெள்ளைப் பாண், பரோட்டா, உளுந்து வடை, சீனி போட்ட பால்தேத்தண்ணி என்று நாளை ஓட்டுபவர் சுத்த சைவராக இருந்தும் இந்த இரண்டாவது வரிசையிலேயே நிற்கிறார். 52 நாடுகளில் மாரடைப்பை ஆராய்ந்த இன்டர்ஹார்ட் ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு ஏனையோரைவிட ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் முந்தி வருகிறது. அதே ஆய்வில் நாள்தோறும் பழமும் மரக்கறியும் உண்ட தெற்காசியர் நான்கில் ஒருவர் அளவே.

'எங்கள் பாட்டன் பூட்டன் தேங்காயில்தானே வளர்ந்தார்கள்' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பசிபிக் பெருங்கடலின் புகாபுகா, டோகெலாவ் தீவு மக்கள் தேங்காயை மிகுதியாக உண்டும் இருதய நோய் அவர்களிடையே அரிதாகவே இருந்தது என்று 1981இல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் அவர்கள் தட்டில் தேங்காயோடு இருந்தது மீன். சீனி மிகச் சொற்பம். கூடுதலாகத் தேங்காய் உண்ட டோகெலாவ் மக்களின் கொலஸ்ட்ரோலும் கூடுதலாகவே இருந்தது. தேங்காய் எண்ணெய் கெட்ட கொலஸ்ட்ரோலை ஏனைய தாவர எண்ணெய்களைவிட உயர்த்துவதை 16 பரிசோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வு உறுதிப்படுத்தியது. வயலில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்தவருக்குச் செரித்த அளவு, கதிரையில் அமர்ந்து வேலை செய்பவருக்குப் பொருந்தாது. தேங்காய்ப்பூவை விலக்கச் சொல்லவில்லை; மூன்று கறிக்கும் சொதிக்கும் முதற்பால் ஊற்றுவதைக் குறைத்தாலே பெரிய மாற்றம்.

'மீன் விலைக்கு ஏழை என்ன செய்வான்' என்பது இன்னும் கனமான கேள்வி. இருதயத்துக்கு உகந்த கொழுப்பைத் தர அறுக்குளாவும் கொடுவாவும்தான் வேண்டும் என்றில்லை. சூடை, கீரி போன்ற சிறுமீன்களில் அது தாராளமாக உண்டு. வாரம் இரு முறை, பொரிக்காமல் குழம்பாக உண்டால் போதும். கருவாட்டை அந்தக் கணக்கில் சேர்க்கக்கூடாது. நாளுக்கு 5 கிராம் உப்புக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கருவாடு அந்த வரம்பை எளிதில் தாண்டவைக்கும். மீனே வேண்டாதவர் பயறு, கடலை, கச்சான், முருங்கையிலை, வல்லாரை என்று தட்டை நிரப்பலாம். பி12 உயிர்ச்சத்தை மட்டும் வைத்தியரிடம் கேட்டுக் கவனித்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே கிளினிக்குகளில் 'சைவமா, மச்சமா' என்று கேட்டு நிறுத்திவிடாமல், சோறு எத்தனை அகப்பை, வீட்டில் நாளுக்கு எத்தனை தேங்காய், மாதம் எத்தனை கிலோ சீனியும் உப்பும் என்று கேட்க வேண்டும். கோயில் அன்னதானத்திலும் கல்யாணப் பந்தியிலும் பாடசாலைச் சிற்றுண்டிச்சாலையிலும் இதே கணக்கைப் பார்க்கலாம். மச்சம் உண்பதும் விடுவதும் அவரவர் நம்பிக்கை. அந்த நம்பிக்கை எதுவானாலும், சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுவதற்கு அது தடையாக நிற்கப்போவதில்லை.