கார் வாங்கும்போது எந்த விலையைப் பேசுவது?

சத்தியவேட்டிலிருந்து புதிய கார் வாங்கப் புறப்படுவோருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஊத்துக்கோட்டை வழியாகச் சென்னைக்குப் போகலாம். புத்தூர் வழியாகத் திருப்பதிக்கும் போகலாம். 1960 ஏப்ரலில் எல்லை மாற்றியமைக்கப்பட்டபோது செங்கற்பட்டு மாவட்டத்திலிருந்து ஆந்திரத்துக்கு வந்த பகுதி இது. இன்று திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. தமிழிலும் தெலுங்கிலும் தளராமல் பேரம் பேசக்கூடிய மக்கள் நாங்கள். ஆயினும் கார்க் காட்சியகத்துக்குள் நுழைந்தவுடன் இரண்டு மொழிகளும் அடங்கிவிடுகின்றன.

ஸ்ரீசிட்டியில் பணிபுரியும் என் தம்பி மகன் தன் முதல் காரை வாங்கச் சென்றபோது நானும் உடன் சென்றேன். "பெரியப்பா, இருபத்தைந்தாயிரம் தள்ளுபடி தருகிறார்கள், பேசி முடித்துவிட்டேன்" என்று வழியிலேயே மகிழ்ச்சியுடன் சொன்னான். காட்சியகத்தில் எங்களிடம் தரப்பட்ட தாளில் ஒரே ஒரு மொத்தத் தொகைதான் பெரிய எழுத்தில் இருந்தது. வரிவரியாகப் பிரித்து எழுதித் தரும்படி கேட்டோம். சற்றுத் தயக்கத்துக்குப் பிறகு தந்தார்கள்.

தள்ளுபடி 25,000 ரூபாய் உண்மைதான். ஆனால் 'கட்டாயம்' என்ற அக்சசரீஸ் தொகுப்பு 18,500 ரூபாய். கையாளும் கட்டணம் 6,500 ரூபாய். அவர்கள் சொன்ன காப்பீட்டை, அதே காப்பீட்டு மதிப்புக்கும் அதே கூடுதல் பாதுகாப்புகளுக்கும் வெளியில் விசாரித்தபோது 11,000 ரூபாய் குறைவாகக் கிடைத்தது. கூட்டினால் 36,000 ரூபாய். தள்ளுபடியாகக் கொடுத்ததைவிட 11,000 ரூபாய் அதிகமாக வேறு வரிகளில் திரும்பப் பெற்றுக்கொள்ளும் கணக்கு அது.

மாட்டுச் சந்தையில் தரகர்கள் துண்டுக்கு அடியில் விரல்களைப் பிடித்து விலை பேசுவதை என் வயதினர் பார்த்திருக்கிறார்கள். அங்கே மறைவில் இருந்தது விலை மட்டுமே. மாடு வெளியில் நின்றது. பல்லைப் பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். காட்சியகத்திலோ வண்டியின் விலையைச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறார்கள். மற்றவை எல்லாம் துண்டுக்குள் இருக்கின்றன. ஆகவே சுவரில் ஒட்டிய விலையிலிருந்து எவ்வளவு குறைப்பீர்கள் என்று மட்டும் கேட்பவர், விற்பவர் காட்டிய இடத்திலேயே பேரம் பேசுகிறார். வண்டியைச் சாலையில் இறக்கும்வரை தன் கையிலிருந்து போகும் முழுத் தொகை எவ்வளவு, அது எந்தெந்த வரிகளால் ஆனது என்பதையே அவர் பேச வேண்டும் என்பது என் கருத்து.

அந்த வரிகளில் சிலவற்றைப் பேசிப் பயனில்லை. ஆயுள் வரி, பதிவுக் கட்டணம் ஆகியவை அரசுக்குரியவை. புதிய காருக்கு மூன்று ஆண்டு மூன்றாம் நபர் காப்பீடு 2018 செப்டம்பர் முதல் கட்டாயம். அதன் கட்டணம் அரசு அறிவிக்கையின்படி அமைவது. பத்து லட்சத்தைத் தாண்டிய வண்டிக்கு ஒரு சதவீத வருமான வரி பிடித்தம் உண்டு. அதைக் கணக்குத் தாக்கல் செய்யும்போது வரவு வைத்துக்கொள்ளலாம். ஆனால் சொந்தச் சேதத்துக்கான காப்பீடு அப்படியல்ல. அதை எந்த நிறுவனத்திடம் வாங்குவது என்பது வாங்குபவரின் உரிமை. வெளியில் வாங்கிய காப்பீட்டின் விலையைக் காட்டியவுடன் காட்சியகத்தின் காப்பீடும் இறங்கி வருவதை எங்கள் கண் முன்னே பார்த்தோம். கையாளும் கட்டணத்தைப் பற்றி ஒரே கேள்வி போதும்: எதைக் கையாண்டதற்கு? கிடங்கிலிருந்து வண்டியைக் கொண்டுவந்து துடைத்து நிறுத்துவது விற்பவரின் வேலை. அந்த வரி பெரும்பாலும் கேட்டவுடன் அடிக்கப்படுகிறது. கேட்காதவர்கள் செலுத்திவிட்டுப் போகிறார்கள்.

பேரம் பேசுவது கௌரவக் குறைவு என்று நினைப்பவர்கள் ஒரு வழக்கை அறிந்துகொள்வது நல்லது. 2021 ஆகஸ்ட் 23 அன்று இந்தியப் போட்டி ஆணையம் மாருதி சுசுகி நிறுவனத்துக்கு 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நிறுவனம் வகுத்த அளவுக்கு மேல் முகவர்கள் தள்ளுபடி தரக் கூடாது என்று தடுத்தது என்பதே ஆணையத்தின் முடிவு. வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி, கூடுதல் தள்ளுபடி தரும் முகவரைக் கண்டுபிடித்து, முகவருக்கும் அவருடைய பணியாளருக்கும் தண்டம் விதிக்கும் ஏற்பாடு நடைமுறையில் இருந்ததாக ஆணையம் கண்டது. பணத் தள்ளுபடி மட்டுமன்றி, இலவசமாகத் தரும் துணைப்பொருள்களும் அந்தத் தடைக்குள் அடங்கியிருந்தன. நிறுவனம் மேல்முறையீடு செய்தது. 2017இல் ஹூண்டாய் நிறுவனத்தின் மீது இதே போன்ற காரணத்துக்காக விதிக்கப்பட்ட 87 கோடி ரூபாய் அபராதத்தை மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அடுத்த ஆண்டு நீக்கிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வழக்கின் போக்கு எப்படியாயினும் ஒன்று தெளிவு. ஒரே நிறுவனத்தின் இரண்டு முகவர்கள் ஒரு வாடிக்கையாளருக்காகப் போட்டியிட்டு விலையைக் குறைப்பது சட்டம் விரும்பும் ஒன்று. அதைத் தடுத்ததுதான் விசாரணைக்கு உள்ளானது.

எல்லையோர ஊராகிய எங்களுக்கு இந்தப் போட்டி இயல்பாகவே வாய்த்திருக்கிறது. திருப்பதியில் ஒரு தாள், சென்னையில் ஒரு தாள் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். சென்னையில் வாங்கினாலும் தற்காலிகப் பதிவுடன் வண்டியைக் கொண்டுவந்து இங்கே நிரந்தரமாகப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் வரி குறையும் என்று எண்ணி, அண்டை மாநில உறவினரின் முகவரியைக் கொடுத்து அங்கேயே பதிவு செய்வது தவறு. உரிமையாளர் வசிக்கும், அல்லது தொழில் செய்யும், வண்டி வழக்கமாக நிற்கும் மாநிலத்தில்தான் பதிவு இருக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம்.

வரிக்குறைப்பையும் தள்ளுபடியையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். 2025 செப்டம்பர் 22 முதல், நான்கு மீட்டர் நீளத்துக்குள் 1200 சிசி வரையுள்ள பெட்ரோல் கார்களுக்கும் 1500 சிசி வரையுள்ள டீசல் கார்களுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதம். முன்பு 28 சதவீதமும் அதன் மேல் இழப்பீட்டு வரியும் இருந்தன. அந்தக் குறைவு அரசு தந்தது. முகவர் தருவது அதற்குப் பிறகே தொடங்க வேண்டும். ஆண்டு இறுதியில் கிடைக்கும் பெரிய தள்ளுபடிக்கும் ஒரு காரணம் உண்டு: ஜனவரி பிறந்தால் அந்த வண்டி சென்ற ஆண்டின் வண்டியாகிவிடும். பத்து ஆண்டுகள் ஓட்டுபவருக்கு அது இலாபம். மூன்று ஆண்டுகளில் விற்பவருக்கு அப்படியன்று. வண்டியில் பதித்துள்ள தயாரிப்பு மாதத்தையும் ஆண்டையும் பணம் கட்டுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். பெருநிறுவனப் பணியாளர்களுக்கென்று தனித் தள்ளுபடி பல கார்களுக்கு உண்டு. என் தம்பி மகனின் சட்டைப்பையில் ஆலையின் அடையாள அட்டை இருந்தது. அவன் கேட்கும்வரை அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

விலை பேசி முடித்த பிறகு கடன் மேசைக்கு அழைத்துச் செல்கிறார்கள். பேசி மீட்ட பணம் மீண்டும் போவது பெரும்பாலும் இங்கேதான். "ஐந்து சதவீதம்தான் சார்" என்றார் அங்கிருந்த இளைஞர். நிலையான முறையில் சொல்லப்பட்ட வட்டி அது. எட்டு லட்சத்துக்கு ஐந்து ஆண்டுகள் அப்படிக் கணக்கிட்டால் வட்டி இரண்டு லட்சம் ரூபாய். குறையும் நிலுவைக்கு ஒன்பது சதவீதம் என்று வங்கி சொல்லும் கடனில் அதே காலத்துக்கு வட்டி ஏறத்தாழ 1,96,400 ரூபாய். ஐந்து என்பது ஒன்பதைவிட அதிகம்! 2024 அக்டோபர் முதல் தனிநபர் கடன்களுக்கு முக்கிய விவரத் தாள் தரப்பட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கட்டணங்களையும் சேர்த்த ஆண்டு வட்டி வீதம் அதில் இருக்கும். அந்த ஓர் எண்ணை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

தவணையைக் குறைக்க ஏழு ஆண்டு ஆக்கிக்கொள்ளுங்கள் என்பது அடுத்த யோசனை. எட்டு லட்சத்துக்கு ஒன்பது சதவீதத்தில் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாயிலிருந்து 12,870 ரூபாயாகக் குறையும். மொத்த வட்டியோ ஏறத்தாழ 85,000 ரூபாய் கூடும். ஒரு நாள் முழுவதும் வாதாடிப் பெற்ற தள்ளுபடியைப் போல மூன்று மடங்குக்கு மேல் அது.

வங்கியின் இதழில் எழுதுவதால் வங்கிகளுக்கும் ஒரு வார்த்தை. சாலை விலைக்குக் கடன் தரும்போது அதற்குள் இருக்கை உறையும் கையாளும் கட்டணமும் அடங்கியிருந்தால், அவற்றுக்கும் வாடிக்கையாளர் ஏழு ஆண்டு வட்டி செலுத்துகிறார். கடன் விண்ணப்பத்துடன் வரும் விலைப்பட்டியலைக் கிளை அதிகாரி ஒருமுறை வரிவரியாகப் படித்து, இது எதற்கு என்று கேட்டால் வாங்குபவருக்குத் துணிவு வரும். வீட்டுக் கடனுக்கு மதிப்பீட்டாளரை அனுப்பும் வங்கி இதைச் செய்வது பெரிய சுமையன்று.

நாங்கள் அன்று பணம் கட்டவில்லை. வங்கியின் கடன் ஒப்புதல் கடிதத்துடன் பத்து நாள் கழித்து, மாதக் கடைசியில், மீண்டும் சென்றோம். அதே விற்பனைப் பெண்தான் இருந்தார். அவருக்கும் மாத இலக்கு உண்டு என்பதால் குரலை உயர்த்தாமலே பேசினோம். கையாளும் கட்டணத்தின் மேல் பேனாவால் கோடு இழுத்தார். அக்சசரீஸ் தொகுப்பில் தரைவிரிப்பையும் மட்கார்டையும் மட்டும் நிறுத்திக்கொண்டார். அடையாள அட்டைக்கு உரிய தள்ளுபடியைச் சேர்த்து, புதிய தாளில் மேலாளரின் கையெழுத்து வாங்கித் தந்தார். "இவ்வளவு விவரம் கேட்டு யாரும் வாங்குவதில்லை சார்" என்றார். பக்கத்து மேசையில் ஒரு குடும்பம் மொத்தத் தொகை மட்டும் எழுதிய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் தம்பி மகன் எழுந்து போய், அந்தப் பெரியவரிடம் தன் தாளைக் காட்டினான்.