கடல் கடக்க யார் உத்தரவு?

மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளில் ஒரு மாணவனோ, ஆசிரியரோ படிப்பின் பேரால் வேறு தேசத்துக்குப் போகவேண்டுமானால், இன்று பெரும்பாலும் முதலில் அனுமதி வாங்கவேண்டும். எங்கே போகிறார், எதற்காகப் போகிறார், எத்தனை நாள் தங்குவார், ஆபத்து வந்தால் யாருக்குத் தகவல் கொடுப்பது என்பவைகளையெல்லாம் எழுதிக் கொடுக்கவேண்டும். வைத்தியச் செலவுக்கு இன்ஷூரன்ஸ் வேண்டும். அமெரிக்க சர்க்கார் 2018-ம் வருஷத்தில் தேசங்களுக்கெல்லாம் 1 முதல் 4 வரை படி போட்டார்கள். 1 என்றால் வழக்கமான ஜாக்கிரதை போதும். 4 என்றால் போகவே போகாதே என்று அர்த்தம். மேல்படியிலுள்ள தேசங்களுக்குப் போக, அங்குள்ள பல சர்வகலாசாலைகள் தனிக் கமிட்டியின் சம்மதத்தையும் கேட்கின்றன.

இவ்விதிகளைப் பற்றி இரண்டு கூட்டத்தார் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு கூட்டத்தார், "தலையில் எழுதியது எங்கே போனாலும் நடந்தே தீரும், இந்தக் காகிதம் எதைத் தடுக்கப் போகிறது?" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "கமிட்டியார் கையெழுத்துப் போட்டாய்விட்டது, இனி பயமில்லை" என்கிறார்கள். முதலாவது தலைவிதி. இரண்டாவது தாயத்து. இரண்டும் மனிதனை யோசிக்கவொட்டாமல் செய்யும் மருந்துகளே என்பது நமது அபிப்பிராயம்.

கடல் கடக்க உத்தரவு கேட்கும் வழக்கம் நமது தேசத்துக்குப் புதிதல்ல. 1888-ம் வருஷத்தில் காந்தியார் பாரிஸ்டர் படிப்புக்காகச் சீமைக்குப் புறப்பட்டபோது, பம்பாயில் அவருடைய ஜாதியார் பஞ்சாயத்துக் கூட்டி, கடல் கடப்பது மதத்துக்கு விரோதம் என்று தடுத்தார்கள். அவர் கேட்கவில்லை. உடனே ஜாதியை விட்டுத் தள்ளி, அவருக்கு உதவி செய்தவனும், துறைமுகம் வரை வழியனுப்பப் போனவனும் ஒரு ரூபாய் நாலணா அபராதம் கட்டவேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். கப்பல் முழுகுமா, குளிரில் உடம்பு தாங்குமா, கையில் பணமிருக்கிறதா என்ற கவலையில் பிறந்த தீர்ப்பா இது? அப்படியானால் வழியனுப்பப் போனவனுக்கு அபராதம் எதற்கு?

நமது கணித மேதை ராமானுஜன் சங்கதியைப் பாருங்கள். கேம்பிரிட்ஜிலிருந்து அழைப்பு வந்தும், கடல் கடப்பது ஆசாரத்துக்கு ஆகாதென்று அவர் முதலில் மறுத்துவிட்டார். பிறகு சென்னைச் சர்வகலாசாலை வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கொடுக்க ஒப்புக்கொண்டது. அதுவும் போதவில்லை. நாமகிரித் தாயார் அவருடைய தாயாரின் கனவில் வந்து உத்தரவு கொடுத்த பிறகே வீட்டில் சம்மதித்தார்கள் என்று கதை சொல்லுகிறார்கள். 1914 மார்ச் 17-ந் தேதி கப்பலேறினார். ஆகஸ்டில் அய்ரோப்பிய யுத்தம் மூண்டது.

கனவில் வந்த தாயார் யுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அது போகட்டும். பணம் கொடுத்தவர்கள் குளிரைப் பற்றி என்ன சொல்லி அனுப்பினார்கள்? கேம்பிரிட்ஜில் இவர் கட்டிலின்மேல் ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு நடுங்கிப் படுத்திருக்கிறார். கம்பளிகள் மெத்தையோடு சேர்த்துச் செருகப்பட்டிருக்கின்றன. அவைகளை விலக்கி உள்ளே நுழைந்து படுக்கவேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. பார்க்கவந்த மகலாநோபிஸ் என்னும் வங்காள மாணவர்தான் கம்பளியை விலக்கிக் காட்டிக் கொடுத்தார். வந்து இறங்கியபோது எதிர்கொண்டு அழைத்துத் தம் வீட்டில் இடம் கொடுத்தவர் நெவில் என்னும் ஆசிரியர். இவர்கள் நல்லவர்கள், நன்றி சொல்லுவோம். ஆனால், நல்லவன் ஒருவன் அகப்பட்டால் பிழைத்தான், அகப்படாவிட்டால் போனான் என்பது ஒரு ஏற்பாடாகுமா? யுத்த காலத்தில் சைவ உணவுக்குத் தட்டுப்பாடு. 1917 முதல் ஆஸ்பத்திரிவாசம். 1919-ல் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். மறு வருஷம் 32-வது வயதில் மாண்டார். ராமேசுவரம் போய்ப் பிராயச்சித்தம் செய்யவில்லை என்று வைதீக உறவினர் பலர் சாவுக்குக்கூட வரவில்லை என்று அவருடைய சரித்திரத்தை எழுதியவர்கள் சொல்லுகிறார்கள்.

ஆகவே, விதியே வேண்டாம் என்று நாம் சொல்ல வரவில்லை. காரணம் சொல்லும் விதி வேண்டும். காரணம் சொல்லாத விதி வேண்டாம். மஞ்சள் காய்ச்சலுள்ள தேசத்துக்குப் போகிறவன் பத்து நாளைக்கு முன்னதாகவே ஊசி போட்டுக்கொள்ளவேண்டும் என்பது ஒரு விதி. ஏன் பத்து நாள் என்று எந்த டாக்டரையும் கேட்கலாம். உடம்பில் எதிர்ப்புச் சக்தி உண்டாக அத்தனை நாள் பிடிக்கிறது என்று பதில் சொல்லுவார். செவ்வாய்க்கிழமை வடக்கே போகாதே, சூலம் என்பதும் ஒரு விதி. ஏன் என்று கேட்டுப் பாருங்கள். "பெரியோர் சொன்னது" என்பதற்குமேல் பதில் வராது. கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது விதி. பதில் சொல்ல மறுப்பது சடங்கு.

நிற்க, மேல்நாட்டானின் விதியென்றால் அதில் சடங்கே இராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவில் பிளாரிடா மாகாணத்தார் 2006-ம் வருஷத்தில் ஒரு சட்டம் செய்தார்கள். அமெரிக்க சர்க்கார் பயங்கரவாதத்துக்குத் துணைபோவதாக ஜாப்தாவில் சேர்த்த கியூபா, ஈரான் முதலிய தேசங்களுக்குப் போக மாகாணச் சர்வகலாசாலையின் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது சட்டம். வெளியார் கொடுக்கும் தர்மப் பணமும்கூட, சர்வகலாசாலையின் கை வழியாக வந்தால் கூடாது. கியூபா பிளாரிடாவின் தென்கோடியிலிருந்து 90 மைல். கியூபாவைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் ஆசிரியர் அங்கே போக வழியில்லை! ஆசிரியர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2010-ல் அப்பீல் கோர்ட்டு சட்டத்தின் பக்கமே தீர்ப்புச் சொல்லிற்று. போகிறவர் யார், எதற்காகப் போகிறார், அங்கே அவருக்கு என்ன ஆபத்து என்ற விசாரணை ஏதாவது இதில் உண்டா? பிறந்த ஜாதியைக் கேட்டு மனிதனுக்கு யோக்கியதை சொல்லுவதற்கும், தேசத்தின் பெயரைக் கேட்டுப் பிரயாணத்துக்கு யோக்கியதை சொல்லுவதற்கும் என்ன வித்தியாசம்?

இதைவிடக் கொடுமையான சங்கதி ஒன்று உண்டு. 1988 டிசம்பர் 5-ந் தேதி, பின்லாந்து தேசத்திலுள்ள அமெரிக்கத் தூதராலயத்துக்கு ஒருவன் டெலிபோன் செய்து, இரண்டு வாரத்துக்குள் பிராங்பர்ட்டிலிருந்து அமெரிக்கா போகும் பான் ஆம் கம்பெனி விமானத்தில் வெடிகுண்டு வைக்கப்படும் என்று சொன்னான். மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதராலயத்தார் இதை விளம்பரமாக ஒட்டித் தங்கள் சிப்பந்திகளுக்குத் தெரிவித்தார்கள். பொதுஜனங்களுக்கு யாரும் தெரிவிக்கவில்லை. டிசம்பர் 21-ந் தேதி, பிராங்பர்ட்டில் தொடங்கி லண்டன் வழியாக நியூயார்க் போன பான் ஆம் 103-வது விமானம் ஸ்காட்லாந்தில் லாக்கர்பி என்னும் ஊரின்மேல் வெடித்துச் சிதறியது. விமானத்தில் 259 பேர், தரையில் 11 பேர், ஆக 270 பேர் மாண்டார்கள். அவர்களில் 35 பேர் சிரக்யூஸ் சர்வகலாசாலையின் பேரால் அய்ரோப்பாவில் படித்துவிட்டுப் பண்டிகைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மாணவர்கள்.

அந்த டெலிபோன் தகவல் வெறும் புரளி, குண்டு வைத்தவர்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று பிறகு விசாரித்துச் சொன்னார்கள். இருக்கட்டும். விமானம் புறப்பட்ட நாளில் அது புரளியென்று யாருக்கு நிச்சயம்? தகவல் தெரிந்த அதிகாரி இஷ்டப்பட்டால் வேறு விமானத்தில் போகலாம். மாணவனுக்கு அந்த இஷ்டம் ஏன் இல்லை? மேலே இருப்பவனுக்கு ஒரு நீதி, கீழே இருப்பவனுக்கு ஒரு நீதி என்பது மனுதர்மத்தில் மாத்திரம்தான் உண்டு என்று இருந்தோமே, தோழர்களே! செத்தவர்களின் தாய் தகப்பன்மார் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. கூட்டம் சேர்ந்தார்கள், சர்க்காரை நெருக்கினார்கள். அதன் பிறகே, சிப்பந்திக்குச் சொல்லும் எச்சரிக்கையைப் பொதுஜனங்களுக்கும் சொல்லவேண்டும் என்ற முறை ஏற்பட்டது. கேள்வி கேட்டதால் வந்த விதி இது. இதற்குப் பெயர்தான் பாதுகாப்பு.

இனி ஆராய்ச்சி மாணவர்கள் சங்கதி. கியூலியோ ரெஜெனி என்னும் இத்தாலிய வாலிபர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை மாணவர், வயது 28. எகிப்தில் சுயேச்சைத் தொழிற்சங்கங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யக் கெய்ரோவுக்குப் போனார். 2016 ஜனவரி 25-ந் தேதி காணாமல் போனார். பிப்ரவரி 3-ந் தேதி சித்திரவதைத் தழும்புகளோடு பிணமாக ரஸ்தாவோரத்தில் கிடந்தார். எகிப்திய பாதுகாப்பு அதிகாரிகள் நால்வர்மேல் ரோமாபுரிக் கோர்ட்டில், அவர்கள் ஆஜராகாமலே, 2024-ல் விசாரணை தொடங்கிற்று. மாத்யூ ஹெட்ஜஸ் என்னும் டர்ஹாம் சர்வகலாசாலை மாணவர் 2018 மே மாதம் துபாய் விமான நிலையத்தில் பிடிபட்டார். ஒற்றன் என்று குற்றம் சாட்டி நவம்பர் 21-ந் தேதி ஆயுள் தண்டனை விதித்தார்கள். அய்ந்தாம் நாள் மன்னித்து விட்டார்கள்.

குற்றம் பிடித்தவனுடையது, கொன்றவனுடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால், எந்தக் கமிட்டிக்கும் இதில் பாடம் உண்டு. இவர்களை வதைத்தது கொசுவல்ல, குளிரல்ல. தொழிலாளியைப் பற்றியும், போலீசைப் பற்றியும் கேள்வி கேட்டால் பொறுக்காத அரசாங்கங்கள் உண்டு. அங்கே போகிறவனிடம் "ஊசி போட்டாயா?" என்று கேட்டால் மாத்திரம் போதுமா? யாரைச் சந்திக்கப் போகிறாய், குறிப்புகளை எங்கே வைப்பாய், ஒரு நாள் உன்னிடமிருந்து தகவல் வராவிட்டால் நாங்கள் யாரை எழுப்பவேண்டும் என்றல்லவா உட்கார்ந்து பேசவேண்டும்? பேசாமல் வாங்கிய கையெழுத்து, நாளைக்கு ஆபத்து வந்தால் "நாங்கள் அப்போதே எச்சரித்தோமே" என்று கையைக் கழுவத்தான் உதவும்.

இதைச் சாக்காக வைத்து, ஆபத்தான இடத்துக்கு யாரும் போகவேண்டாம் என்று கமிட்டியார் கதவைச் சாத்தினால், அதுவும் பழைய பஞ்சாயத்துத் தீர்ப்புத்தான். கொடுமை நடக்கும் இடத்தைப் பற்றித்தான் உலகத்துக்கு அதிகம் தெரியவேண்டும். போகிறவனைத் தடுப்பது சுலபம். போகிறவனோடு கூட நிற்பதுதான் கஷ்டம்.

நம் ஜனங்களுக்கு ஒரு வார்த்தை. இன்று நமது கிராமங்களிலிருந்தும் பிள்ளைகளும் பெண்களும் கடல் கடந்து படிக்கப் போகிறார்கள். சந்தோஷம். ஆனால் நாம் செய்வதென்ன? ராகுகாலம் பார்க்கிறோம், எலுமிச்சம்பழம் சுற்றுகிறோம், பெட்டியில் விபூதிப் பொட்டலம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கிறோம். போகிற ஊரில் நமது தேசத்துத் தூதராலயம் எங்கே, அதன் டெலிபோன் நம்பர் என்ன என்று ஒரு தடவையாவது பார்த்தோமா? வெளிநாட்டில் நோயில்லாமல் சாகும் பிரயாணிகளைக் கொல்லுவதில் முன்வரிசையில் நிற்பது மோட்டார் விபத்து. பூனை குறுக்கே போனதைப் பார்த்தவர்கள், அந்த ஊரில் வண்டி ரஸ்தாவின் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லி அனுப்பினோமா?

பிள்ளையை அனுப்புகிறவர்களும் போகிறவர்களும் எந்தச் சர்வகலாசாலையானாலும் நான்கு கேள்வி கேளுங்கள். இந்த விதிக்குக் காரணம் என்ன? உங்களுக்குத் தெரிந்த ஆபத்து முழுவதும் எங்களுக்கும் சொல்லியாயிற்றா? நடு ராத்திரியில் கூப்பிட்டால் பதில் சொல்லுகிற ஆள் யார்? அனுமதி இல்லையென்றால் அப்பீல் யாரிடம்?

நான்குக்கும் நேரான பதில் கிடைத்தால் அந்த விதிக்குத் தாராளமாகக் கட்டுப்படுங்கள். அது உங்கள் உயிருக்காக ஏற்பட்டது. பதில் கிடைக்காவிட்டால், கையெழுத்துப் போட்டவர் எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவரானாலும் சரி, உங்கள் கையில் இருப்பது தாயத்து என்று தெரிந்துகொள்ளுங்கள்.