பட்டத்தின் பெயரைப் பார்த்து மயங்காதீர்கள்!

மகன் பிளஸ்-2 தேறிவிட்டான். "கம்ப்யூட்டர் திட்ட நிர்வாகம் படிக்கப் போகிறேன்" என்கிறான். அது என்ன படிப்பு என்று அப்பாவுக்குப் புரியவில்லை. ஆனாலும் பிள்ளை முன்னுக்கு வரவேண்டும் என்று ஆசை. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது.

எந்தக் கல்லூரியில் சேர்ப்பது? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

புரோகிராம் எழுதுவது ஒரு வேலை. ஐம்பது பேர் எழுதுவதைச் சொன்ன தேதியில், சொன்ன செலவில் முடிக்க வைப்பது இன்னொரு வேலை. இந்த இரண்டாவது வேலைதான் திட்ட நிர்வாகம். கட்டட வேலைக்கு மேஸ்திரி எப்படியோ, அப்படி!

இது லேசான காரியம் அல்ல. அமெரிக்காவில் டென்வர் நகரில் புதிய விமான நிலையம் கட்டினார்கள். பயணிகளின் பெட்டிகளைக் கம்ப்யூட்டரே பிரித்து அனுப்பும் என்றார்கள். 1993 அக்டோபரில் திறப்பு விழா என்று நாள் குறித்தார்கள். பெட்டிகள் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை. 1995 பிப்ரவரியில்தான் நிலையம் திறந்தது. 16 மாதம் தாமதம்! 2005-ல் அந்த ஏற்பாட்டையே கைவிட்டார்கள்.

"ஆட்களைக் கூட்டினால் வேலை முடிந்துவிடாதா?" என்று கேட்கலாம். முடியாது. தாமதமான வேலையில் புது ஆட்களைச் சேர்த்தால் தாமதம் இன்னும் கூடும் என்று பிரெடரிக் புரூக்ஸ் 1975-லேயே எழுதினார். ஐ.பி.எம். கம்பெனியில் பெரிய வேலையை நடத்திப் பார்த்தவர் அவர்.

இந்த அறிவு, பாடத்தை நெட்டுருப் போட்டு வருவதில்லை. ஆகவே கல்லூரியின் கட்டடத்தையும் விளம்பரத்தையும் பார்த்துப் பயன் இல்லை. பார்க்கவேண்டியவை மூன்று.

ஒன்று, அங்கீகாரம். என்.பி.ஏ. தரச்சான்று பாடப்பிரிவுக்குத் தரப்படுவது; கல்லூரி முழுவதற்கும் அல்ல. "இந்தப் பிரிவுக்கு இருக்கிறதா? எந்த ஆண்டு வரை?" என்று கேட்கவேண்டும்.

இரண்டு, ஆசிரியர். கம்பெனியில் வேலையை நடத்திய அனுபவம் உள்ளவர் ஒருவராவது உண்டா?

மூன்று, கடைசி ஆண்டு புராஜெக்ட். மாணவர்கள் தாங்களே செய்கிறார்களா? கடையில் விலைக்கு வாங்கிக் கொடுக்கிறார்களா? இதை அலுவலகத்தில் கேட்டால் தெரியாது. வாசல் டீக்கடையில் நிற்கும் மாணவரைக் கேட்டால் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. இந்தத் தொழிலில் உலகம் மதிக்கும் சான்று பி.எம்.பி. அந்தத் தேர்வை எழுத 4 ஆண்டுப் பட்டம் மட்டும் போதாது. வேலைகளை நடத்திய அனுபவமும் 36 மாதம் வேண்டும். அப்படியிருக்க, "பட்டம் வாங்கிய மறுநாளே மானேஜர்" என்று ஒரு கல்லூரி சொன்னால், அங்கே பணம் கட்டாமல் திரும்புவதே நல்லது.

அடகுக்குப் போன நகை வீடு திரும்பவேண்டும். அதற்கு, பணம் கட்டுமுன் ஒரு நாள் அலைந்து விசாரிப்பதில் தவறே இல்லை.